பட்டறையின் முன்மேசையில் இருப்பவருக்கு

கேள்வி: மதுரையில், எல்லா நிறுவனக் கார்களையும் பார்க்கும் ஒரு தனியார் பட்டறையில் எட்டு மாதங்களாக சர்வீஸ் அட்வைசராக இருக்கிறேன். பி.காம். படித்தவள். கார் ஓட்டத் தெரியும். பழுது பார்க்கத் தெரியாது. வாடிக்கையாளர்கள் என்னைப் பார்த்ததும் "மெக்கானிக்கைக் கூப்பிடம்மா" என்கிறார்கள். மெக்கானிக் அண்ணன் "சாயங்காலம் முடிந்துவிடும்" என்பார், நானும் அப்படியே சொல்வேன், வண்டி மறுநாள்தான் முடியும், திட்டு எனக்கு. சென்ற மாதம் பிரேக் பேடு மாற்ற வந்த வண்டியில் இரண்டு டிஸ்க்கையும் சேர்த்து மாற்றிவிட்டார்கள். பில் 4,800 ரூபாய் கூடியது. போனில் சொல்லிவிட்டேன் என்கிறார் மெக்கானிக். யாரும் சொல்லவில்லை என்கிறார் வாடிக்கையாளர். முதலாளி வண்டியை விட மறுத்தார். பெரிய சண்டையாகி, கடைசியில் பாதிப் பணத்துக்கு வண்டி போனது. கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, என் பெயரையும் எழுதியிருக்கிறார். இது போதாதென்று ஒவ்வொரு வண்டிக்கும் இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிளீனிங் சேர்க்கச் சொல்கிறார் முதலாளி. பேசாமல் ஷோரூம் வேலைக்குப் போய்விடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பிரேக் டிஸ்க் சண்டையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் மற்ற குறைகளில் பாதிக்கு மேல் அதற்குள்ளேயே இருக்கின்றன.

மெக்கானிக் வேண்டாத வேலையைச் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பேடு இரும்புவரை தேய்ந்த பிறகு வரும் வண்டிகளில், அது அழுத்திப் பிடிக்கும் டிஸ்க்கும் வரிவரியாக அரித்துப் போயிருப்பது வழக்கம். டிஸ்க்கிலேயே அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அளவு அதற்குக் கீழே இறங்கிவிட்டால் புதுப் பேடு போட்டும் பயனில்லை. மிதிக்கும்போது உதறும், நெடுஞ்சாலையில் சூடு தாங்காது. வாடிக்கையாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பேடுக்கு மட்டும் தலையாட்டிவிட்டுப் போனவர், பில்லில் டிஸ்க்கைப் பார்த்தால் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார். முதலாளியோ உதிரிபாகக் கடைக்குப் பணம் கட்டிவிட்டார். மூவருமே தவறானவர்கள் இல்லை. நடுவில் எழுத்தில் ஒரு சம்மதம் மட்டும் இல்லாமல் போயிற்று. அந்தச் சம்மதத்தை வாங்கி வைப்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள். சிரித்துப் பேசுவது, தண்ணீர் கொடுப்பது, உட்காரச் சொல்வது எல்லாம் அதற்குப் பிறகு.

வண்டியைப் பிடித்து வைத்தது சரியா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இதை உங்கள் முதலாளியிடம் யாராவது சொல்ல வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170-ஆவது பிரிவில், பட்டறைக்காரருக்கு ஓர் உரிமை தருகிறது. ஒரு பொருளை எந்த நோக்கத்துக்காக ஒப்படைத்தார்களோ அதற்கேற்ப உழைப்போ திறமையோ செலவிட்டவர், தனக்குச் சேர வேண்டிய கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். சட்டமே காட்டும் உதாரணம், பட்டை தீட்ட வைரம் வாங்கிய நகைத் தொழிலாளி. கார் பட்டறைக்கும் இது பொருந்தும். ஆனால் "ஒப்படைத்த நோக்கம்" என்ற இடத்தில்தான் உங்கள் முதலாளி இடறுகிறார். நோக்கம் பேடு. டிஸ்க்குக்குச் சம்மதம் வாங்கியதற்குச் சான்று இல்லாதபோது, அந்தப் பணத்துக்காக வண்டியைப் பிடித்து வைப்பது பலவீனமான நிலை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாடிக்கையாளர் தான் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களிடம் வண்டி விட்டவர் நாகர்கோவில்காரராக இருந்தால், முதலாளி நாகர்கோவிலுக்கு அலைய வேண்டியிருக்கும். பாதிப் பணத்தோடு முடிந்தது அவருடைய நல்ல நேரம்.

அன்று நடந்திருக்க வேண்டியது இதுதான். சக்கரத்தைக் கழற்றியதும் மெக்கானிக் உங்களைக் கூப்பிட வேண்டும். தடிமன் அளக்கும் வெர்னியரை டிஸ்க்கில் வைத்து அளவு தெரியும்படி ஒரு படம், பொறிக்கப்பட்ட எண் தெரியும்படி ஒரு படம். இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கீழே என்ன பார்த்தோம், மாற்றாவிட்டால் என்ன ஆகும், எவ்வளவு ரூபாய் கூடும், எவ்வளவு நேரம் கூடும் என்று எழுதுங்கள். "சரி" என்று பதில் வரும்வரை அந்தச் சக்கரம் அப்படியே இருக்கட்டும். போனில் பேசினாலும், பேசி முடித்ததும் "இப்போது பேசியபடி இரண்டு டிஸ்க் மாற்றுகிறோம், கூடுதல் 4,800 ரூபாய்" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். மெக்கானிக் சொன்னாரா இல்லையா என்று பிறகு யாரும் சண்டை போட வேண்டியதில்லை. மெக்கானிக் வாடிக்கையாளருக்கு நேராகப் போன் செய்வதையே நிறுத்துங்கள். கையில் கிரீஸோடு, பக்கத்தில் கம்ப்ரசர் ஓடும் இடத்திலிருந்து அவர் பேசுவது பாதி கேட்காது.

"அதுவரை ரேம்ப் சும்மா கிடக்குமா?" என்று முதலாளி கேட்பார். கேட்பதில் நியாயம் உண்டு. வண்டியை ஏற்றி வேலை பார்க்கும் ரேம்ப் மூன்று இருக்கும் பட்டறையில் ஒன்று அடைபட்டால் அன்றைய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு நிற்கிறது. அதனால் கேள்வியை முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். பிரேக் பேடுக்கு எஸ்டிமேட் எழுதும்போதே, "கழற்றிப் பார்த்தால் டிஸ்க்கும் மாற்ற வேண்டி வரலாம், அப்படியானால் தோராயமாக இவ்வளவு கூடும்" என்று எழுதுங்கள். கிளட்ச் பிளேட் என்றால் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் ஆகியவற்றைப் பற்றியும், டைமிங் பெல்ட் என்றால் அதே இடத்திலுள்ள வாட்டர் பம்ப் பற்றியும் இப்படி ஒரு வரி. ஒவ்வொரு பெரிய வேலைக்கும் துணைக்கு வரும் உறவினர் பட்டியல் ஒன்று உண்டு. உங்கள் ஹெட் மெக்கானிக்கிடம் ஒரு மதியம் உட்கார்ந்தால் முழுவதையும் எழுதிக்கொண்டு விடலாம். அதோடு, வாடிக்கையாளரிடம் "ஆயிரம் ரூபாய்க்குள் கூடினால் கேட்காமல் செய்யலாமா?" என்று கேட்டு, அவர் சொன்ன தொகையை, வண்டியின் வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

டிஸ்க் வேண்டாம், பேடு மட்டும் போடுங்கள் என்று அவர் அடம்பிடித்தால்? வேறு பாகமாக இருந்தால் "சொன்னோம், மறுத்தார்" என்று பில்லில் எழுதிக் கொடுத்துவிடலாம். பிரேக்கில் நான் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். அளவுக்குக் கீழே போன டிஸ்க்கில் புதுப் பேடு போட்டுப் பணம் வாங்காதீர்கள். பழையபடியே பூட்டி, காரணத்தை எழுதி, வண்டியைத் திருப்பிக் கொடுங்கள்.

இனி வண்டி உள்ளே வரும் நேரத்துக்கு வருகிறேன். பட்டறையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. பாதிப் பழுது அங்கேயே பிடிபட்டுவிடும். பிடிக்கத் தெரியாதவர்கள் அதைக் கோட்டைவிடுவதும் அங்கேதான். ஜாப் கார்டில் "சத்தம் பார்க்கவும்" என்று எழுதியிருப்பதை எத்தனையோ பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டுவார்; சத்தம் வராது. அல்லது வேறொரு சத்தம் வரும். அதைச் சரி செய்து கொடுப்பார். வாடிக்கையாளர் வண்டியை எடுத்துக்கொண்டு அண்ணாநகர் தாண்டுவதற்குள் பழைய சத்தம் கேட்கும்.

ஆகவே வாயைக் கிளறுங்கள். எப்படிச் சத்தம் என்று கேட்டால் அவர்களே வாயால் போட்டுக் காட்டுவார்கள். வெட்கப்பட்டால் நீங்கள் முதலில் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் போட்ட ஒலியை அப்படியே எழுதுங்கள். வேகம் கூடக் கூட "ம்ம்ம்" என்று ஏறும் முனகலா? பெரும்பாலும் வீல் பேரிங். அல்லது ஏறுமாறாகத் தேய்ந்த டயர். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நகரும்போது "கடகட"வா? டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட்டைப் பார்க்க வேண்டும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது "டொக் டொக்" என்றால் லிங்க் ராடு, புஷ் பக்கம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் "கீச்"சென்று கத்தி அடங்கினால் பெல்ட். எண்பது, தொண்ணூறு வேகத்தில் பிரேக் மிதிக்காமலே ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங். மிதித்தால் மட்டும் நடுங்கினால் டிஸ்க். கடைசி இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்காமல் விட்டால் அலைன்மெண்ட், பேலன்சிங் எல்லாம் செய்து பணமும் வாங்கிவிட்டு, பழைய நடுக்கத்தோடு வண்டியைக் கொடுப்பீர்கள்.

ஏசிக்கும் இதே கதை. சித்திரை மாதத்தில் மதுரையில் பாதிப் பேர் "ஏசி குளிரவில்லை" என்றுதான் வருவார்கள். அதை மட்டும் எழுதினால் கேஸ் நிரப்பி அனுப்பிவிடுவார்கள். "ஓடும்போது குளிர்கிறதா? சிக்னலில் நின்றால் மட்டும் குளிர்வதில்லையா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் கண்டென்சர் ஃபேனை முதலில் பார்க்க வேண்டும். ஏசியில் கேஸ் ஓடுவது மூடிய சுற்று. கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் நிரப்பிய வண்டி மறுபடி உங்கள் மேசைக்குத்தான் வரும்.

"மைலேஜ் இல்லை" என்பவரிடம் எப்படிக் கணக்கிட்டார் என்று கேளுங்கள். டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்தாரா, அல்லது டாஷ்போர்டு எண்ணை வைத்துச் சொல்கிறாரா? 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வண்டி, கரி வடிகட்டி விளக்கு எரிகிறது என்று வந்தால், தினம் எவ்வளவு தூரம் ஓட்டுகிறார் என்பதுதான் முதல் கேள்வி. தல்லாகுளத்திலிருந்து பெரியார் நிலையம் வரை மட்டும் உருட்டும் வண்டியில், வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கும் அளவுக்குச் சூடு ஏறாது. விளக்கு எரியத் தொடங்கிய நிலையில், மேலூர் நான்குவழிச் சாலையில் சீரான வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டினாலே பல நேரம் அணைந்துவிடும். பணம் வாங்காமல் இதைச் சொல்லி அனுப்பினீர்கள் என்றால் அடுத்த சர்வீஸுக்கு அவர் வேறெங்கும் போக மாட்டார்.

இவ்வளவும் கேட்டீர்கள் என்றால் "மெக்கானிக்கைக் கூப்பிடம்மா" என்பது தானாகக் குறையும். முழுவதும் நிற்காது, சிலருக்குப் பெண் முன்மேசையில் இருப்பதே உறுத்தும், அதற்கு மருந்து என்னிடம் இல்லை. மற்றவர்கள் கூப்பிடச் சொல்வது நீங்கள் பெண் என்பதால் மட்டும் அல்ல. தங்கள் வண்டியைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை என்பதால். அவர்கள் கூப்பிடச் சொல்லும்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், ஆனால் நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் நின்று, இருவரும் பேசுவதை எழுதுங்கள். முடிவில் "அப்படியானால் இதைச் செய்கிறோம், இவ்வளவு ஆகும், இத்தனை மணிக்கு அழைக்கிறேன்" என்று நீங்கள் சொல்லுங்கள். கடைசி வார்த்தை யாருடையதோ அவரைத்தான் அடுத்த முறை தேடுவார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுவது மட்டும் வேண்டாம். "கேட்டுச் சொல்கிறேன்" என்பதில் அவமானம் எதுவும் இல்லை. ஐடிஐயில் இரண்டு ஆண்டு மோட்டார் மெக்கானிக் படிப்பு முடித்தவருக்குக்கூட இன்றைய வண்டிகளில் பாதி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தினமும் ஒரு வண்டியின் அடியில் ஹெட் மெக்கானிக்கோடு கொஞ்ச நேரம் நில்லுங்கள். புடவையோ சுடிதாரோ, மேலே ஒரு ஓவர்கோட் மாட்டிக்கொண்டால் போதும். லோயர் ஆர்ம் எங்கே இருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்த்தவர் சொல்வதற்கும், எஸ்டிமேட்டில் படித்தவர் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் குரலிலேயே தெரியும்.

"உங்களிடம் விட்ட பிறகுதான் இந்தக் கோளாறு" என்ற குற்றச்சாட்டு இதுவரை வந்திருக்காவிட்டால் இனி வரும். சாவியை வாங்கியதும் வாடிக்கையாளரையும் அழைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நான்கு மூலைகள், கீறல்கள், அலாய் வீல் விளிம்புகள், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் படம் எடுங்கள். இக்னிஷன் போட்டு டாஷ்போர்டை ஒரு படம்: கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, விளக்குகள். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் முதலில் எரிய வேண்டும், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால், யாரோ ஏற்கெனவே அங்கே கை வைத்திருக்கிறார்கள். அதை அப்போதே அவரிடம் காட்டுங்கள்.

"வாகனங்கள் உரிமையாளரின் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகின்றன" என்ற பலகை உங்கள் பட்டறையிலும் தொங்கும் என்று நினைக்கிறேன். அதை நம்ப வேண்டாம். நம்மிடம் ஒப்படைத்த பொருளை, விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்ப்பதுபோல் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று அதே ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. டெஸ்ட் டிரைவ் என்ற பெயரில் பையன்கள் வாடிக்கையாளர் வண்டியில் டீ வாங்கப் போவது உங்கள் பட்டறையில் நடந்தால், இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

நேரம். "சாயங்காலம் முடிந்துவிடும்" என்று மெக்கானிக் சொல்வது, உதிரிபாகம் கையில் இருந்தால் என்ற எண்ணத்தில். அதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. எனவே அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி "எப்போது முடியும்?" அல்ல, "பாகம் எங்கே இருக்கிறது?" நம் கடையிலா, மதுரை டீலரிடமா, சென்னையிலிருந்து பார்சலில் வர வேண்டுமா? ஆர்டர் கொடுக்கும்போது மாடலையும் ஆண்டையும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். பதினேழு எழுத்துச் சேசிஸ் எண்ணைக் கொடுங்கள். ஒரே ஆண்டின் ஒரே மாடலில் இரண்டு விதப் பேடு வருவது உண்டு. தவறானது வந்து, திருப்பி அனுப்பி, சரியானது வருவதற்குள் இரண்டு நாள் போய்விடும். இவை தெரியும்வரை வாடிக்கையாளரிடம் முடிவு நேரம் சொல்லாதீர்கள். அழைக்கும் நேரம் சொல்லுங்கள். "நான்கு மணிக்கு நான் கூப்பிடுகிறேன், எப்போது முடியும் என்று அப்போது உறுதியாகச் சொல்கிறேன்." நான்கு மணிக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லாவிட்டாலும் கூப்பிட்டுவிடுங்கள். தாமதத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள்கூட, தாங்களே போன் செய்து தாமதத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் பொறுப்பதில்லை.

அந்த ஒற்றை நட்சத்திரத்துக்கு முதலாளி பெயரில் இரண்டு வரி பதில் போதும். கூடுதல் வேலைக்கு எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும், இனி அப்படித்தான் செய்கிறோம் என்று எழுதச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் பெயர், வண்டி எண், தொகை எதுவும் வேண்டாம். டிஸ்க் தேய்ந்திருந்ததை அங்கே நிரூபிக்கவும் வேண்டாம்.

இன்ஜெக்டர் கிளீனிங் விவகாரத்தில் நான் உங்கள் பக்கம், ஆனால் முழுவதும் அல்ல. அது எல்லாமே ஏமாற்று வேலை என்று நீங்கள் நினைப்பதுபோல் தெரிகிறது. ஏசியில் நாற்றம் அடிக்கும் வண்டிக்கு எவாப்பரேட்டர் கிளீனிங் தேவைதான். ஐடிலில் தடுமாறும் வண்டியில் த்ராட்டிலைச் சுத்தம் செய்வதும் நியாயம்தான். அறிகுறி எதுவும் இல்லாத வண்டிக்கு, மாத இலக்குக்காகச் சேர்ப்பதுதான் தவறு. முதலாளிக்கு வருமானம் வேண்டும். அதற்கு நேர்மையான வழி அவர் கண்ணெதிரே இருக்கிறது. ஒவ்வொரு வண்டியும் லிஃப்டில் ஏறும்போது அடியில் இருப்பதை எல்லாம் பார்த்து, உடனே செய்ய வேண்டியது, அடுத்த சர்வீஸுக்குள் செய்ய வேண்டியது, இப்போதைக்குக் கவனித்தால் போதுமானது என்று மூன்றாகப் பிரித்து எழுதிக் கொடுங்கள். டயர் 1.6 மில்லிமீட்டர் தேய்மானக் குறியைத் தொட்டிருக்கிறதா, பிரேக் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டுகள் தாண்டிவிட்டனவா, ஷாக் அப்சார்பர் கசிகிறதா, எல்லாவற்றையும் அளவோடும் படத்தோடும் எழுதுங்கள். இரண்டாவது பட்டியலில் இருப்பவர்களை மூன்று மாதம் கழித்து நீங்களே அழையுங்கள். கிளீனிங்கில் வரும் சில நூறு ரூபாயைவிட இதில் வருமானம் அதிகம். அடுத்த மாத வேலையும் இந்த மாதமே தெரிந்துவிடும்.

செய்யாத வேலையைப் பில்லில் எழுதச் சொன்னால் அது வேறு விஷயம். மாற்றாத ஃபில்டருக்குப் பணம், ஊற்றாத ஆயிலுக்குப் பணம் என்றால் அன்றே வேலையை விடுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இருந்தும் எழுதாமல் விட்டிருந்தால், இந்தப் பத்தி உங்களுக்குத்தான். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்துவிடும் பழக்கம் வந்துவிட்டால் அந்த ஆசையே யாருக்கும் வராது. எக்ஸ்சேஞ்சில் போகும் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் போன்றவற்றுக்கு மட்டும் படம் போதும்.

"பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்ற பேச்சும் உங்கள் மேசையில் நடக்க வேண்டாம். பில் தர மறுப்பதை நுகர்வோர் சட்டம் முறையற்ற வணிகத்தில் சேர்த்திருக்கிறது. வரிக் கணக்கும் இப்போது சுலபம்: 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கும் லேபருக்கும் ஒரே 18 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு முன் பல பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது. பழைய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுபவர்களுக்கு இதை விளக்குங்கள்.

பாகங்களின் விலையில் மூன்று படிகள் உண்டு. மூன்றையும் எஸ்டிமேட்டிலேயே காட்டுங்கள். கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவது ஒன்று. அந்த நிறுவனத்துக்கே பாகம் செய்து கொடுக்கும் தொழிற்சாலை தன் சொந்தப் பெட்டியில் விற்பது இரண்டாவது. சென்னை பாடியிலுள்ள லூகாஸ் டிவிஎஸ்ஸின் ஸ்டார்ட்டர் மோட்டார் போன்றவை இந்த வகை. தனியார் பட்டறையின் பலமே இங்கேதான் இருக்கிறது. மூன்றாவது, யார் செய்தது என்றே தெரியாத மலிவுச் சரக்கு. கண்ணாடித் துடைப்பானில் அதைப் போடலாம். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் வாடிக்கையாளரே கேட்டாலும் வேண்டாம்.

"உங்களிடம் விட்டால் வாரண்டி போய்விடுமா?" என்று கேட்பவருக்கும் ஒரு பதில் வைத்திருங்கள். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களும் கண்டறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக மறுக்கும் நிபந்தனை கூடாது என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. வழக்குகள் மேல்முறையீட்டுக்குப் போயின. நடைமுறையில் நான் சொல்லும் யோசனை எளியது: வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டிக்கு இன்ஜின், கியர்பாக்ஸ் கோளாறு என்றால் "இது கம்பெனி இலவசமாகச் செய்ய வேண்டியது, அங்கேயே போங்கள்" என்று அனுப்பிவிடுங்கள். அன்றைய வேலை போகும். வாரண்டி முடிந்த மாதம் அவர் உங்களிடம் வருவார்.

ஷோரூமுக்குப் போகலாமா என்ற கேள்விக்கு: அங்கே முறையான பயிற்சி உண்டு, பிஎஃப் உண்டு, ஜாப் கார்டு கம்ப்யூட்டரில் தானாக ஓடும். இலக்கும் உண்டு. இங்கே முதலாளி வாயால் சொல்லும் கிளீனிங், அங்கே மாதாந்திர அட்டவணையில் உங்கள் பெயருக்கு நேரே எண்ணாக இருக்கும். இன்சூரன்ஸ் புதுப்பிப்பும் நீட்டித்த வாரண்டியும் அதோடு சேரும். அதிலிருந்து தப்பிக்கத்தான் போகிறீர்கள் என்றால் போகாதீர்கள். ஒரே நிறுவனத்தின் வண்டிகளை ஆழமாகக் கற்க வேண்டும் என்றால் தாராளமாகப் போகலாம்.

என் கணிப்பில் நீங்கள் இன்னும் ஆறு மாதம் இங்கேயே இருக்கலாம், முதலாளி இரண்டுக்கு ஒப்புக்கொண்டால். எழுத்தில் சம்மதம் வராமல் எந்தக் கூடுதல் வேலையும் தொடங்கக் கூடாது என்று அவரே மெக்கானிக்குகளிடம் சொல்ல வேண்டும்; நீங்கள் சொன்னால் நடக்காது. உங்கள் ஊக்கத்தொகையைப் பில் தொகையோடு கட்டாமல், அதே கோளாறோடு திரும்பி வராத வண்டிகளோடு கட்ட வேண்டும். சனிக்கிழமை மாலை வேண்டாம். செவ்வாய், புதன் காலை, ரேம்ப்புகள் நிரம்புவதற்கு முன் பேசுங்கள். பாதிப் பணத்தில் போன அந்த டிஸ்க் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நஷ்டக் கணக்கைப் போல எதுவும் அவர் காதில் ஏறாது.

ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். நீங்கள் எழுதிவைத்த அந்தத் துணைப் பாகங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு போகலாம். அது உங்கள் படிப்பு. வாடிக்கையாளர்களின் போன் எண்களை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டாம். புது இடத்தில் முதல் நாளே அதைத்தான் கேட்பார்கள்; இல்லை என்று சொல்லிவிடுங்கள்.